எழுந்தோர் விருது

“‘இந்த விபத்து, கடவுள் எனக்குத் தந்த பரிசு.’”

லூசியன் இந்த வரியை வாசித்தபோது அவன் மனைவி அர்லீன் சமையலறை மேஜையில் இடது கையால் உருளைக்கிழங்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். கிழங்கு நழுவாமலிருக்க அதை ஓர் ஆணிப் பலகையில் குத்தி வைத்திருந்தாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

“இன்னொரு தடவ வாசி.”

“நான் எழுதல. பேப்பர்ல இருக்கு.”

“பேப்பர்ல இருக்கறதத்தான் கேக்கறேன்.”

“பரிசு” என்றான் லூசியன், குரலை இறக்கி.

எழுதியவள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். கானி, லூசியனின் தங்கை. கிழங்குத் தொழிற்சாலை ஆபீசில் வேலை. சனிக்கிழமை விருந்தில் விருது வாங்கும்போது அர்லீன் மேடையேறி வாசிப்பதற்காக இரண்டு பக்கம் டைப் அடித்துக் கொண்டுவந்திருந்தாள்.

“பரிசுன்னா அப்படியே பரிசுன்னு இல்ல அண்ணி. ஒரு பேச்சுக்குத்தான்.”

“மூணு விரல் போயிருக்கு கானி. எவளாவது பொறந்தநாளுக்கு இதக் கேட்டு வாங்குவாளா?”

“போன வருஷம் கில்மன் இப்படித்தான் பேசினான். கூடமே அழுதுச்சு.”

“கில்மன் முதுகு வெந்த பைப்பு இன்னும் ஒழுகுது. அதுக்கு எவனாவது அழுதானா?”

கானி காப்பியை ஊதிக் குடித்தாள். அது ஏற்கெனவே ஆறிப்போயிருந்தது.

இந்த விருதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எங்கள் ஊர் உங்களுக்குப் பிடிபடாது. அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தின் வடக்கு நுனியில் இருக்கிறோம். ஆற்றுக்கு அந்தக் கரை கனடா. கிழங்கு தோண்டி முடிந்ததும், நவம்பரில் ஒரு சனிக்கிழமை, தேவாலயக் கூடத்தில் பீன்ஸ் விருந்து நடக்கும். அன்று தொழிற்சாலை எழுந்தோர் விருது கொடுக்கும். அந்த வருஷம் அடிபட்டவர்களில் ஒருவரைப் பொறுக்கி எடுத்து, மேடையில் நிறுத்தி, விழுந்ததில் என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்பார்கள். அவரும் சொல்லுவார். கில்மன், நீராவி முதுகில் அடித்த பிறகுதான் பெண்டாட்டியின் அருமை தெரிந்தது என்றான். அதற்கு முந்தைய வருஷம் ஒருத்தி, குளிர் அறைக் கதவு வெளியே பூட்டிக்கொண்டு உள்ளே நாலு மணி நேரம் கிடந்தவள், அந்த இருட்டில் தன்னையே சந்தித்ததாகச் சொன்னாள். உள்ளிருந்து திறக்கிற கைப்பிடி அந்தக் கதவுக்கு இன்றுவரை இல்லை. பதினோரு வருஷமாகப் பதினோரு பேர். விழுந்தவரைத் தூக்கி நிறுத்திப் படம் பிடிப்போம், குழியை அப்படியே விட்டுவிடுவோம். நான் யாரையும் குறை சொல்லும் யோக்கியதை உள்ளவள் இல்லை. பதினோரு தடவையும் கைக்குட்டை நனைய அழுதவள் நான்.

அர்லீனும் நானும் ஒரே பெல்ட்டில் வேலை பார்த்தவர்கள். கழுவின கிழங்கு ரப்பர் பெல்ட்டில் வரும்; கல், கொடி, அழுகல் எல்லாவற்றையும் நாங்கள் பொறுக்கிப் போட வேண்டும். பெல்ட்டின் கடைசியில் ஓர் இரும்பு உருளை. அதற்குமேல் மஞ்சள் பெயின்ட் அடித்த தகர மூடி ஒன்று இருந்தது. எட்டு போல்ட். செப்டம்பரில் லாரி மேல் லாரியாகக் கிழங்கு வரும்போது அந்த இடத்தில் கொடி சிக்கும். சிக்கினால் பெல்ட்டை நிறுத்தி, எட்டு போல்ட்டையும் கழற்றி, கொடியை இழுத்து, மறுபடி மாட்ட வேண்டும். இருபது நிமிஷம் போய்விடும். மேனேஜர் கிரெய்க் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார். மூன்றாம் நாள் மெக்கானிக் ரெனோவைக் கூப்பிட்டு, மூடியைக் கழற்றி ஓரமாய் வைக்கச் சொன்னார். சீசன் முடிந்ததும் மாட்டிக்கொள்ளலாம் என்றார். மூடி உப்பு மூட்டைகளுக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தது. எங்களில் ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. உண்மையைச் சொன்னால், அடிக்கடி பெல்ட் நிற்காததில் எங்களுக்கும் நிம்மதிதான்.

மூடி போன ஒன்பதாம் நாள், உருளையில் சுற்றிய கொடி அர்லீனின் கையுறை நுனியையும் சேர்த்து இழுத்தது.

ஆஸ்பத்திரியில் அவள் கட்டுப்போட்ட கையோடு கிடக்கும்போதே ஆபீசிலிருந்து ஒரு படிவம் வந்தது. கடைசிக் கட்டத்தில், ‘இந்த நிகழ்விலிருந்து நான் கற்றுக்கொண்டது’ என்று போட்டிருந்தது. பிறந்ததிலிருந்து வலது கையால் எழுதியவள், இடது கையில் பேனாவைப் பிடித்து, வேர்த்து விறுவிறுத்து, கால் மணி நேரம் எடுத்து, ‘மூடியை மாட்டுங்கள்’ என்று எழுதினாள். படிவம் திரும்பி வந்தது. பாடம் எழுதச் சொன்னால் புகார் எழுதியிருக்கிறார் என்று மேலே குறித்திருந்தார்கள். அண்ணிக்கு ஏன் வீண் சிரமம் என்று கானியே அதை அடித்துவிட்டு, ‘கவனமாக இருக்க வேண்டும்’ என்று எழுதிக் கோப்பில் சேர்த்துவிட்டாள். கானி கெட்டவள் இல்லை. நல்லவர்கள் கூடி ஒருத்தரை எப்படி வாயடைப்பார்கள் என்று பார்க்க வேண்டுமானால் எங்கள் ஊருக்கு வரலாம்.

இதெல்லாம் அர்லீன் விழுங்கிக்கொண்டாள். விழுங்க முடியாதது ஒன்று இருந்தது. எங்கள் தொழிற்சாலையில் ஒருத்தியின் இடம் காலியானால் முதல் உரிமை அவள் வீட்டுக்கு. அர்லீனின் இடம் அவள் மகள் சுசெட்டுக்கு வந்தது. இருபது வயது. திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு அதே பெல்ட்டின் அதே கடைசியில் நிற்க வேண்டும். நவம்பர் வந்தும் மூடி உப்பு மூட்டைக்குப் பின்னால்தான் கிடந்தது.

கானி போன பிறகு சுசெட் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

“வாசிச்சிட்டுப் போயேன்மா. ரெண்டு பக்கம்தானே.”

“நீ திங்கக்கிழமை போக வேண்டாம்.”

“போகாம? அப்பா அந்த வலிக்கற முதுக வச்சுக்கிட்டு இனி மரம் வெட்டப் போகப் போறாரா? நான் பாஸ்டன் போய் எவன் வீட்டுப் பாத்திரமோ கழுவணுமா?”

“கழுவு. கழுவறதுக்குக் கை இருக்கும்.”

“நான் கைய உள்ள விடமாட்டேன்மா. நான் ஒண்ணும் சின்னப் புள்ள இல்ல.”

“நானும் விடல. கையுறைதான் உள்ள போச்சு. நான் கூடப் போனேன்.”

லூசியன் காகிதத்தை நாலாய் மடித்துச் சர்க்கரை டப்பாவுக்கு அடியில் வைத்தான். மூன்று பேருக்கும் கிழங்கு வேக வைத்தது அவன்தான். அன்றைக்கு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் அர்லீன் மேனேஜரைப் பார்க்கப் போனாள். விபத்துக்குப் பிறகு அது நாலாவது தடவை. கிரெய்க் தெற்கேயிருந்து வந்தவர், இனிமையாய்ப் பேசுகிறவர், எல்லார் பிள்ளைகளின் பெயரும் அவருக்குத் தெரியும். எரிச்சலே அதுதான். கத்துகிற ஆளாக இருந்தால் நாமும் பதிலுக்குக் கத்தலாம்.

“வாங்க அர்லீன். பேச்சு ரெடியா? கானி நல்லா எழுதியிருக்காங்களாமே.”

“மூடி எப்ப மாட்டுவீங்க?”

“மாட்டணும். லிஸ்ட்ல இருக்கு.” அவர் நாற்காலியை அருகே இழுத்துப் போட்டார். “ஒண்ணு சொல்றேன். காலேஜ்ல நான் ஃபுட்பால் ஆடினேன், தெரியுமா? மூணாவது வருஷம் முட்டி போச்சு. எல்லாம் முடிஞ்சுதுன்னு ஆறு மாசம் அழுதேன். இப்ப திரும்பிப் பாத்தா, அந்த முட்டி போகலன்னா நான் இந்த நாற்காலில இல்ல. அடி படும்போது தெரியாது. அப்புறம்தான் தெரியும்.”

“முட்டி போன எடத்துல திங்கக்கிழமை உங்க பொண்ணு நிக்கப் போறாளா?”

கிரெய்க் ஜன்னலைப் பார்த்தார். பிறகு மேஜையைப் பார்த்தார்.

“சனிக்கிழமை போர்ட்லண்டுலேர்ந்து ரெண்டு பேர் வர்றாங்க, தலைமை ஆபீஸ். நீங்க மனசு திறந்து பேசுங்க. அவங்க மனசு இளகினா மூடி என்ன, புது பெல்ட்டே கேக்கலாம்.”

“மாட்டறதுக்கு எட்டு போல்ட் போதும். மனசு எதுக்கு இளகணும்?”

“பேசறீங்களா இல்லையா?”

“பேசறேன்” என்றாள் அர்லீன்.

அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. நாலு தடவை தனியாகச் சொல்லியாயிற்று. ஊர் முழுக்க உட்கார்ந்திருக்கும்போது சொன்னால் ஒருத்தர் காதிலாவது விழும் என்று நினைத்தாள். நம்பிப் போனவள்தான் அவள், அதை யாரும் மறுக்க வேண்டாம்.

சனிக்கிழமை கூடம் நிறைந்துவிட்டது. காலையிலிருந்தே பெரிய பானைகளில் பீன்ஸ் வெந்து, பன்றிக்கொழுப்பும் வெல்லப்பாகும் சேர்ந்த வாசனை வாசல்வரை வந்தது. கறுப்பு ரொட்டி, கோஸ் கூட்டு, ஆப்பிள் பை. போர்ட்லண்டிலிருந்து வந்த இரண்டு பேரும் மூன்று தட்டுச் சாப்பிட்டார்கள். பாதிரியார் ஜெபம் சொன்னார். கிரெய்க் எழுந்து, மனத்துணிவு என்றால் என்ன என்று பத்து நிமிஷம் பேசினார். பிறகு அர்லீனைக் கூப்பிட்டார்.

அவள் நீலக் கம்பளிச் சட்டை போட்டிருந்தாள். கையில் காகிதம் இல்லை. முன்வரிசையில் கானி தன் பையைத் துழாவி ஒரு நகலை எடுத்து நீட்டினாள். அர்லீன் அதைப் பார்க்காத மாதிரி மைக் முன்னால் போய் நின்றாள்.

“எனக்குப் பேச வராது” என்று ஆரம்பித்தாள். “எல்லாரும் ரெண்டு மாசமா ஒண்ணயே கேக்கறீங்க, இதுல என்ன கத்துக்கிட்டேன்னு. கடையில கேக்கறீங்க, கோயில்ல கேக்கறீங்க, பல்லு டாக்டர்கூடக் கேட்டாரு. நான் ஒண்ணும் கத்துக்கல. பொறுமை கத்துக்கிட்டேன்னு சொல்லச் சொல்றாங்க. பொறுமை எனக்கு முன்னாடியே இருந்துச்சு. என் மாமியாரோட பதினாலு வருஷம் ஒரே வீட்டுல இருந்தேன்.”

கூடம் சிரித்தது. லூசியன்கூடச் சிரித்துவிட்டான்.

“சிரிக்காதீங்க, முடிச்சுக்கறேன். இடது கையால எழுதக் கத்துக்கிட்டேன், அது நெஜம். வலது கை இருந்திருந்தா அது எனக்குத் தேவையே இல்ல. உருளைக்கு மேல ஒரு மூடி இருந்துச்சு. கழட்டிட்டாங்க. உப்பு மூட்டைக்குப் பின்னாடி கெடக்கு. எட்டு போல்ட். திங்கக்கிழமை என் பொண்ணு அந்த எடத்துல நிக்கப் போறா. மாட்டுங்க. இதான் நான் சொல்ல வந்தது. கை தட்ட வேண்டாம்.”

அரை நிமிஷம் சத்தமே இல்லை. சரி, காதில் விழுந்துவிட்டது என்று நான் நினைத்தேன். அதற்குள் போர்ட்லண்டிலிருந்து வந்த அம்மாள் எழுந்து நின்று கை தட்டினாள். அவளைப் பார்த்துப் பாதிரியார். அவரைப் பார்த்து எல்லாரும். நாற்காலிகள் பின்னால் சரிய, கூடமே எழுந்து நின்று தட்டியது. அர்லீன் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினாள். மூன்று விரல் இல்லாத அந்தக் கையைப் பார்த்ததும் இன்னும் பலமாய்த் தட்டினார்கள். சொல்ல வெட்கமாக இருக்கிறது, நானும் தட்டினேன், அழவும் செய்தேன். அழுது பழகின கண்.

போர்ட்லண்ட் அம்மாள் மேடையேறி அவளைக் கட்டிக்கொண்டாள். “எத்தனையோ பேர் பேசிக் கேட்டிருக்கேன்மா. இவ்வளவு நேர்மையா ஒருத்தரும் பேசினதில்ல. எனக்கே ஒரு புதுத் தெம்பு வந்துடுச்சு.”

“மூடிய மாட்டுவீங்களா?” என்றாள் அர்லீன் அவள் தோளுக்குள்ளிருந்து.

“உங்க மனசு எனக்குப் புரியுது” என்றாள் அந்த அம்மாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

வீட்டுக்குப் போகும் வழியில் லூசியன், எல்லாருக்கும் ரொம்பப் பிடித்துப்போயிற்று என்றான். அர்லீன் மரப்பலகை விருதை மடியில் வைத்துக்கொண்டு சாலையைப் பார்த்தபடி வந்தாள். “செவுத்துக்கிட்டப் பேசியிருந்தா, செவுரு சும்மாவாவது இருந்திருக்கும்” என்றாள். பின் இருக்கையில் சுசெட் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை காலை பெல்ட்டுக்குப் போனோம். உருளைக்கு நேர் மேலே சுவரில் புதிதாய் ஒரு பெரிய படம் மாட்டியிருந்தது. மைக் முன்னால் அர்லீன். கீழே கொட்டை எழுத்தில் அவள் சொன்னது: ‘பொறுமை எனக்கு முன்னாடியே இருந்துச்சு.’ அத்தனை பேச்சிலிருந்து அவர்களுக்கு அந்த ஒரு வரிதான் தேறியிருக்கிறது. படத்துக்கு நாலு பக்கமும் சட்டம் அடித்திருந்தார்கள். எண்ணிப் பார்த்தேன், எட்டுத் திருகாணி. உருளை திறந்தே இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் செலவழித்துச் சுவரில் துளை போட ஆள் கிடைத்திருக்கிறான், அதே ஆளை நாலடி கீழே குனியச் சொல்ல ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

ஆறு மணிக்கு மணி அடித்தது. கடைசியில் நிற்பவள்தான் பச்சைப் பொத்தானை அமுக்க வேண்டும். சுசெட் படத்தைப் பார்த்தாள், உருளையைப் பார்த்தாள், இரண்டு கையையும் ஏப்ரன் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

“அமுக்கு பொண்ணே” என்றாள் யாரோ. “மேல கெழங்கு கழுவற தொட்டி நெறஞ்சாச்சு.”

“மூடி வரட்டும் அத்தை.”

ஐந்து நிமிஷம் போனது. மேலே கிழங்கு குவிந்து கொட்டுகிற சத்தம் கேட்டது. கிரெய்க் வேகமாய் வந்தார். சுசெட்டைப் பார்த்ததும் முகத்தை மலர்த்திக்கொண்டார்.

“முதல் நாள் பயமா? இருக்கும். உங்கம்மாவ நெனச்சுக்க. சனிக்கிழமை எங்க எல்லாருக்கும் எவ்வளவு ஊக்கம் குடுத்தாங்க.”

“ஆமா சார்” என்றாள் சுசெட். “எனக்கும் குடுத்தாங்க. அதனாலதான் நிக்கறேன்.”

வேலைக்கு வந்து பத்து நிமிஷம் ஆகாத பெண். போ என்றால் போக வேண்டியதுதான். கிரெய்க் அதைச் சொல்வதற்கு வாயைத் திறந்துவிட்டார். எனக்கு அந்த நேரத்தில் என்ன வந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மூடியைக் கழற்றின அன்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அர்லீன் இப்போது என் பக்கத்தில் நிற்பாள் என்று மட்டும் தோன்றியது. என் கையை ஏப்ரனுக்குள் விட்டேன். என் எதிரே நின்றவள் என்னைப் பார்த்தாள், அவளும் விட்டாள். அப்படியே வரிசையாகப் பதினாலு பேர். யாரும் கோஷம் போடவில்லை. ஒருத்தி மூக்கைச் சொறிய முடியவில்லையே என்று முணுமுணுத்தாள்.

“என்ன இது?” என்றார் கிரெய்க். “வெளிய கிடங்குக் கெழங்கோட ஒன்பது லாரி நிக்குது.”

“நிக்கட்டும் சார்” என்றேன். “எங்களுக்குப் பொறுமை இருக்கு.”

அவர் எங்களைப் பார்த்தார். கைகளைத் தேடிப் பார்த்தார், ஒன்றுகூட வெளியே இல்லை. அதற்குள் ரெனோ, யாரும் சொல்லாமலே, உப்பு மூட்டைப் பக்கம் போய்விட்டான். மஞ்சள் மூடியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான். மேலே இரண்டு மாச உப்புத் தூசி. எட்டு போல்ட் முடுக்கி, ஆட்டிப் பார்த்து, கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். நான் கடிகாரம் பார்த்தேன். மணி அடித்துப் பதினெட்டு நிமிஷம்.

சுசெட் பொத்தானை அமுக்கினாள். மத்தியானம் அவள் போனில் சொன்னபோது அர்லீன் “எட்டும் முடுக்கினானா, இல்ல நாலோட விட்டுட்டானா?” என்று கேட்டாளாம்.

அந்த வாரமே கில்மன் பைப் அடியில் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். குளிர் அறைக்காரர்கள் கதவுக்குக் கைப்பிடி கேட்டு இப்போது அப்படி நிற்கிறார்கள். கிடைக்கும் என்றுதான் நினைக்கிறேன். கேட்டால் கிடைக்காது, நின்றால் கிடைக்கும் என்று இவ்வளவு வருஷம் கழித்துத் தெரிந்துகொண்டோம். அதைத் தெரிந்துகொள்ள எங்களுக்குத் தேவைப்பட்டது அர்லீனின் மூன்று விரல் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரமாகத்தான் இருக்கிறது. அவளுடைய விரலுக்கு இது ஈடு இல்லை. ஈடு என்று எவராவது சொன்னால் அவர் முகத்தில் முழிக்க மாட்டேன்.

அடுத்த நவம்பரில் வழக்கம்போல் விருந்து வந்தது, வழக்கம்போல் பீன்ஸ், வழக்கம்போல் போர்ட்லண்டிலிருந்து இரண்டு பேர். எழுந்தோர் விருது கிரெய்க்குக்குக் கொடுத்தார்கள். பெல்ட் நின்றுபோன அந்தக் கடினமான காலைப்பொழுதை ஒரு வாய்ப்பாக மாற்றிப் பாதுகாப்பை மேம்படுத்தியதற்காக. அவர் பலகையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அந்தப் பின்னடைவிலிருந்து தான் கற்றுக்கொண்ட மூன்று பாடங்களைச் சொன்னார். நன்றாகத்தான் பேசினார். கூடம் எழுந்து நின்றது.

மூன்றாவது வரிசையில் அர்லீன் உட்கார்ந்து ஆப்பிள் பை தின்றுகொண்டிருந்தாள். அவள் கை தட்டவில்லை. பாவம், கை அப்படி இருக்கிறதே என்று பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

அவளுக்கு அடுத்த நாற்காலியில் சுசெட். அவளுக்குப் பத்து விரலும் இருந்தன. அவளும் தட்டவில்லை.